ஆணையிடுவோன் எங்கே?

"அப்படியானால், அவற்றுக்கெல்லாம் தலைவன் யார், அய்யா?"

திண்டிவனத்தில் நாம் ஆசிரியராகப் பணிபுரியும் பள்ளியில், ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் எழுந்து நின்று கேட்ட கேள்வி இது. வம்புக்காகக் கேட்கவில்லை, விளங்காமையால் கேட்டான். அவனுக்கு விளங்காததில் வியப்பில்லை. வேதாந்தம் பேசிய வித்தகர்களுக்கும், வேந்தர்க்கு வெண்சாமரம் வீசிய பண்டிதர்களுக்கும் ஆயிரமாயிரம் ஆண்டுகளாக விளங்காமலிருந்த ஒன்று, பகலுணவு மணி அடிக்கப் பத்து நிமிடம் இருக்கையில் ஒரு சிறுவனுக்கு எப்படி விளங்கிவிடும்!

அன்று வகுப்பிலே நாம் சொன்னது கட்டுக்கதை அன்று, நடந்த நிகழ்ச்சி. 2014-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், அமெரிக்காவின் ஆர்வர்டு பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் ரூபன்ஸ்டைன், அலெயாந்திரோ கோர்னெஹோ, இராதிகா நாக்பால் ஆகிய மூவர் ஓர் ஆய்வினை வெளியிட்டனர். இராதிகா நாக்பால் நம் நாட்டு அமிர்தசரசில் வளர்ந்தவர். இவர்கள் 1,024 சிறு ரோபோக்களை ஒரு பெரிய மேசைமீது பரப்பினர். 'கிலோபாட்' என்பது அவற்றின் பெயர். ஒவ்வொன்றும் 33 மில்லிமீட்டர் அகலம். நம் பழைய ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரிது. சக்கரம் இல்லை, குச்சி போன்ற மூன்று கால்கள். உள்ளே இரண்டு சிறு மோட்டார்கள் அதிரும். அந்த அதிர்விலே தட்டுத் தடுமாறி நகரும். பார்வை கிடையாது, பேச்சு கிடையாது. அகச்சிவப்பு ஒளியால் அண்டையில் இருக்கும் பொறிக்குச் செய்தி அனுப்பும். அண்டைப் பொறி எவ்வளவு தொலைவில் உள்ளது என்பதை அறியும். அவ்வளவுதான் அதன் அறிவு, அவ்வளவுதான் அதன் ஆற்றல்.

இத்தகைய அற்பப் பொறிகள் ஆயிரத்து இருபத்து நான்கும் சேர்ந்து, ஏறத்தாழ 12 மணி நேரத்தில், ஒரு விண்மீன் வடிவத்தைத் தாமே அமைத்தன. நான்கு பொறிகளை மட்டும் ஓரிடத்தில் தொடக்கமாக வைத்தனர். ஏனையவை கூட்டத்தின் ஓரத்தைப் பற்றிக்கொண்டே ஊர்ந்தன. 'உன் இடம் எது, உன் இடம் எது' என்று அண்டையில் இருப்பவற்றைக் கேட்டுத் தம் இடத்தைக் கணக்கிட்டன. வடிவத்திற்குள் வந்துவிட்டோம் என்று தெரிந்தபோது நின்றன. ஒன்று பழுதுபட்டு நின்றாலும் மொத்தப் பணி நின்றுவிடவில்லை. வேலை நடக்கையில் மேசைக்கு மேலே நின்று, 'நீ இங்கே போ, நீ அங்கே நில்' என்று எவரும் ஏவவில்லை. பொறிகளுக்குள்ளும் மேலது இல்லை, கீழது இல்லை. எல்லாம் ஒரே அச்சு. எல்லாவற்றுக்கும் ஒரே விதி.

இதைக் கேட்டவுடன்தான் அந்த மாணவன் எழுந்தான், "தலைவன் யார், அய்யா?" என்றான். "இல்லை, தம்பி" என்றோம். அவன் அமர்ந்தான்; ஆனால் நம்பவில்லை என்பதை அவன் முகம் சொல்லிற்று. நடத்துபவன் இல்லாமல் நடக்குமா, ஆட்டுவிப்பவன் இல்லாமல் ஆடுமா என்ற எண்ணம், பிறந்த நாள் தொட்டு அவன் செவியிலே ஓதப்பட்டிருக்கிறது. அவனைக் குறை கூறுவானேன்! உலகிலே எங்கே ஓர் ஒழுங்கு தென்பட்டாலும், உடனே அதற்கு ஓர் அரசனை, ஓர் ஆண்டவனை, ஓர் ஆணையிடுவோனைத் தேடுவது மனிதரின் பழைய வழக்கம். அந்த வழக்கத்தைச் சற்றே உரசிப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

தேன்கூட்டை எடுத்துக்கொள்வோம். பழங்கிரேக்கர், கூட்டிலே பெரிதாக இருந்த ஒரு தேனீயைக் கண்டனர். கண்டதும், 'இதோ அரசன்!' என்றனர். எத்தனையோ நூற்றாண்டுகள் அந்த 'அரசன்' அரியணையிலே இருந்தான். மன்னராட்சியே இயற்கையின் சட்டம் என்பதற்குத் தேனீயைச் சான்றுக்கு அழைத்தவர் பலர். பதினேழாம் நூற்றாண்டில் சுவாமர்டாம் என்ற டச்சு அறிஞர், அந்த 'அரசனை' அறுத்து நுண்ணோக்கியின்கீழ் வைத்துப் பார்த்தார். உள்ளே செங்கோல் இல்லை; முட்டைப் பைகள் இருந்தன! அரசன் அல்லன், தாய் என்பது தெளிவாயிற்று. உடனே உலகம் என்ன செய்தது? 'அரசி' என்று பெயரை மாற்றிக்கொண்டது. ஆட்சி என்ற எண்ணத்தை மட்டும் விடவில்லை. அந்தத் தாயோ எவருக்கும் ஆணையிடுவதில்லை. எறும்பின் கதையும் அஃதே. டெபோரா கார்டன் என்ற அமெரிக்க ஆய்வாளர் பல்லாண்டுகள் பாலைவன எறும்புகளைத் தொடர்ந்து கவனித்துச் சொன்னது என்ன? ஓர் எறும்பு, எதிரே வரும் எறும்புகளை உணர்கொம்பால் தொட்டு உணர்கிறது. எத்தகைய எறும்பை எத்தனை முறை சந்திக்கிறது என்பதைக் கொண்டே இரை தேடப் புறப்படுகிறது. 'இராணி'யின் கட்டளை எதுவும் அதற்கு வருவதில்லை.

நம் விழுப்புரம் மாவட்டத்துக்கே வருவோம். வயல் வரப்பிலும், ஏரிக் கரையிலும், பனைமரத்து அடியிலும் எழுந்து நிற்கும் கறையான் புற்றினைக் காணாதவர் இங்கு உண்டோ! புற்றைக் கண்டால் மஞ்சள் பூசுவர், குங்குமம் இடுவர், பாலை ஊற்றுவர், முட்டை வைப்பர். மேல்மலையனூரில் புற்றே அம்மனாக வணங்கப்படுகிறது. 'கறையான் புற்றெடுக்கக் கருநாகம் குடிபுகுந்தாற்போல்' என்று நம் பாட்டிமார் சொல்லிய பழமொழியிலே எவ்வளவு பெரிய உண்மை இருக்கிறது! கட்டியது கறையான், வந்து புகுந்தது பாம்பு, பாலும் படையலும் பாம்புக்கு! உழைத்தவனை மறந்து உள்ளே புகுந்தவனைக் கும்பிடும் பழக்கம் புற்றோடு நின்றுவிடவில்லை என்பதை நம் வாசகர்க்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

அந்தக் கறையானுக்குக் கட்டடக் கலை கற்றுத் தந்தவர் யார்? வரைபடம் வைத்திருக்கும் மேஸ்திரி எங்கே? பிரெஞ்சு அறிஞர் பியர் பால் கிராசே 1959-ஆம் ஆண்டில் இதற்கு விடை தந்தார். ஒரு கறையான் மண்ணுருண்டையை எச்சிலில் குழைத்து ஓரிடத்தில் வைக்கிறது. அதைக் கண்ட மற்றொன்று, அங்கேயே தன் உருண்டையை வைக்கத் தூண்டப்படுகிறது. உருண்டைமேல் உருண்டை சேர்ந்து தூணாகிறது. தூணும் தூணும் வளைந்து கூடமாகிறது. ஒரு கறையான் மற்றொரு கறையானுக்குக் கட்டளையிடவில்லை. செய்து முடித்த வேலையே, செய்ய வேண்டிய வேலையைக் காட்டுகிறது. கிராசேயின் இக்கருத்தைப் பின்பற்றி, 2014 பிப்ரவரியில், 'டெர்மஸ்' என்ற சிறு ரோபோக்களை அதே ஆர்வர்டு ஆய்வாளர் குழுவினர் காட்டினர். அவை கற்களைப் போன்ற கட்டைகளைச் சுமந்து, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, மேற்பார்வையாளர் எவருமின்றிப் படிக்கட்டும் கோபுரமும் எழுப்பின. தெய்வத் தச்சன் விசுவகர்மாவுக்கு அங்கே வேலை இருக்கவில்லை!

இந்த இடத்திலே நம் வைதிக நண்பர் ஒருவர் குறுக்கிடுவார் என்பதை நாம் அறிவோம். "எறும்பிலும் சாதி உண்டு என்று உங்கள் விஞ்ஞானிகளே எழுதியிருக்கிறார்களே! உழைக்கும் எறும்பு, போரிடும் எறும்பு, இனம் பெருக்கும் எறும்பு. வருணாசிரமம் இயற்கையின் ஏற்பாடுதானே?" என்பார். ஆம், பூச்சியியலார் அவ்வாறு எழுதுகின்றனர். நம் நாட்டின் இழிவைக் குறிக்க மேனாட்டார் வழங்கிய 'காஸ்ட்' என்ற சொல்லையே எடுத்துப் பூச்சிகளின் பிரிவுக்கு இட்டனர். நம் நாற்றம் எறும்புப் புற்றுக்குள்ளும் புகுந்தது, அவ்வளவே. ஆனால் உண்மை யாது? தேன்கூட்டிலே, தாயாகும் தேனீயும் உழைக்கும் தேனீயும் ஒரே வகை முட்டையிலிருந்து வருகின்றன. ஊட்டப்படும் உணவுதான் ஒன்றைத் தாயாக்குகிறது, மற்றொன்றை உழைப்பாளியாக்குகிறது. அந்த உழைப்பாளியோ, இளமையில் கூட்டுக்குள் குஞ்சுகளைப் பேணுகிறது. பின்னர் அடை கட்டுகிறது. இறுதியில் வெளியே பறந்து தேன் கொணர்கிறது. 'நீ தோட்டி, உன் மகனும் தோட்டி, அவன் மகனும் தோட்டி' என்று எந்தத் தேன்கூட்டிலும் எழுதி வைக்கவில்லை! ஆர்வர்டு மேசையில் இருந்த பொறிகளும் அப்படியே. ஓரத்தில் நிற்பதும் நடுவில் நிற்பதும் நின்ற இடத்தால் வந்த வேறுபாடே ஒழிய, வார்த்த அச்சால் வந்த வேறுபாடு அன்று.

*

சொல்லால் விளங்காததைச் செயலால் விளக்குவோம் என்று, மறுநாள் மாணவரை விளையாட்டுத் திடலுக்கு அழைத்துச் சென்றோம். நாற்பது பேர். "ஒவ்வொருவரும் மனத்துக்குள் இருவரைத் தேர்ந்துகொள்ளுங்கள், வெளியே சொல்லாதீர்கள். ஒருவரை நண்பர் என்றும் மற்றவரைப் பகைவர் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். பகைவருக்கும் உங்களுக்கும் நடுவில் நண்பர் எப்போதும் இருக்கும்படி நகர்ந்துகொண்டே இருங்கள்" என்றோம். ஊதலை ஊதியதும் திடல் அல்லோலகல்லோலப்பட்டது. ஒருவன் ஓட, அவனை மறைவாகக் கொண்டவன் ஓட, அவனுக்கு அஞ்சியவன் ஓட, கூட்டம் சிதறிக் கொண்டே போயிற்று. ஐந்து நிமிடமாயிற்று, எவரும் ஓரிடத்தில் நிற்க இயலவில்லை.

"இப்போது விதியை மாற்றுவோம். அதே நண்பர், அதே பகைவர். ஆனால் நண்பரை முன்னே நிறுத்தி நீங்கள் ஒளிந்துகொள்ள வேண்டா, நண்பருக்கும் பகைவருக்கும் இடையிலே நீங்கள் போய் நில்லுங்கள்" என்றோம். மீண்டும் ஊதினோம். ஒரு நிமிடம் ஆகியிருக்காது; நாற்பது பேரும் திடலின் நடுவே தோளோடு தோள் உரச ஒரே கொத்தாக நின்று, ஏன் கூடினோம் என்பது தெரியாமல் சிரித்தார்கள்!

ஆட்கள் மாறவில்லை, திடல் மாறவில்லை, தலைவன் அப்போதும் இல்லை, இப்போதும் இல்லை. மாறியது ஒரே ஒரு சிறு விதி. பிறனை முன்னிறுத்தித் தன்னைக் காத்துக்கொள் என்றபோது கூட்டம் சிதறிற்று. தன்னை முன்னிறுத்திப் பிறனைக் காப்பாற்று என்றபோது கூட்டம் ஒன்றாயிற்று. 'சிதறுங்கள்' என்றோ 'சேருங்கள்' என்றோ நாம் எவரிடமும் சொல்லவில்லை. கூட்டத்தின் போக்கு ஒவ்வொருவரும் கைக்கொண்ட சிறு விதியிலிருந்து பிறந்தது.

அப்போது அந்தப் பழைய மாணவன் மறுபடியும் கேட்டான்: "அந்த விதியைச் சொன்னவர் நீங்கள்தானே, அய்யா?"

நன்று கேட்டான்! மெய்யாகவே அந்தக் கேள்வியிலேதான் பொருள் முழுவதும் அடங்கியிருக்கிறது. ஆர்வர்டுப் பொறிகளுக்குத் தலைவன் இல்லை. ஆனால் விதி எழுதியவர் உண்டு. அமைக்க வேண்டிய விண்மீன் வடிவம் ஒவ்வொரு பொறியின் நினைவிலும் முன்னரே இடப்பட்டிருந்தது. பார்த்தீர்களா, விதி எழுதிய விதாதா ஒருவன் உண்டு என்பதை ஒப்புக்கொண்டீரே என்று புராணிகர் புன்னகை பூக்க வேண்டா. இந்த விதாதாவுக்குப் பெயர் உண்டு, முகவரி உண்டு. எழுதிய விதியை ஏட்டிலே அச்சிட்டு, 'தவறிருந்தால் காட்டுங்கள்' என்று உலகுக்கு வழங்கினார். எவரும் கேட்கலாம், எவரும் திருத்தலாம். கறையானின் விதியோ எவரும் எழுதியதன்று. கோடிக்கணக்கான ஆண்டுகளில், பொருந்தாத வழி அழிந்து, பொருந்திய வழி எஞ்சியதால் அமைந்தது. மனிதச் சமுதாயத்தின் விதி எத்தகையது? அது மனிதர் எழுதியது. எனவே மனிதர் அழிக்கக் கூடியது. தலையெழுத்து என்று சொல்லிச் சொல்லியே, அதை எழுதிய கையை நம் கண்ணிலிருந்து மறைத்துவிட்டனர்.

*

இனி, இந்தச் சிறு பொறிக் கூட்டத்தால் யாது பயன் என்பதைக் காண்போம். 'ரோபோ' என்ற சொல், செக் நாட்டு எழுத்தாளர் காரல் சாப்பெக் 1920-ஆம் ஆண்டில் எழுதிய நாடகத்தில் பிறந்தது. பண்ணையாருக்குக் கூலியின்றிச் செய்த கட்டாய ஊழியத்திற்கு அம்மொழியில் 'ரொபோட்டா' என்று பெயர். வெட்டிவேலை என்போமே, அதுதான். ஆகவே, வெட்டிவேலை செய்வோன் என்ற பெயரைப் பொறிக்குச் சூட்டினர். நம் நாட்டிலோ, இழிந்த வேலைக்குப் பொறி தேடவில்லை, மனிதனையே பொறியாக்கினோம்.

மலக்குழிக்குள் மனிதனை இறக்கும் கொடுமைக்கு வேறு என்ன பெயர் சூட்டுவது? 1993-இல் ஒரு சட்டம் வந்தது. போதவில்லை என்று 2013-இல் மற்றொரு சட்டம் வந்தது. 2014 மார்ச்சு 27 அன்று உச்சநீதிமன்றம், சாக்கடைக் குழியில் இறந்தோர் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் 10 இலட்சம் ரூபாய் தரவேண்டுமென்று தீர்ப்பளித்தது. 2023 அக்டோபர் 20 அன்று அதை 30 இலட்சமாக உயர்த்தியது. தொகை ஏறியது; சாவு நிற்காததால்தானே தொகையை ஏற்ற வேண்டியதாயிற்று! விழுப்புரமாயினும் திண்டிவனமாயினும், மூடியைத் திறந்தால் எழும் நச்சுக்காற்று ஒன்றே. இறங்க அழைக்கப்படுவோன் வாழும் தெருவும் ஒன்றே.

அறிவு இங்கே வாளாவிருக்கவில்லை. 2018-இல் திருவனந்தபுரத்து இளைஞர்கள் 'பாண்டிகூட்' என்ற பொறியை அமைத்தனர். ஆளிறங்கும் குழிக்குள் ஆளுக்கு மாறாக அது இறங்கும்; நம் கும்பகோணத்திலும் அதைப் பயன்படுத்தினர். சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் பிரபு இராசகோபால் குழுவினர், கழிவுத் தொட்டிகளைத் துப்புரவு செய்ய 'ஹோமோசெப்' என்ற பொறியைச் செய்து 2022-இல் களத்துக்குக் கொணர்ந்தனர். இவை தனித்து இயங்கும் பெரும் பொறிகள். கூட்டமாக இயங்கும் சிறு பொறிகளோ, அடைப்பு ஏற்படும் முன்னரே குழாய்க்குள் ஊர்ந்து சென்று ஒன்றுக்கொன்று செய்தி சொல்லிப் பழுதைக் காட்டக் கூடியவை. 2019 முதல் இங்கிலாந்தில் செஃபீல்டு முதலான பல்கலைக் கழகங்கள் சேர்ந்து 'பைப்பாட்ஸ்' என்ற பெயரில் இந்த ஆராய்ச்சியில் இறங்கின. குழாய்க்குள் ஒரு பொறி செத்தால் ஒரு பொறியின் விலை போகும். மனிதன் செத்தால் ஒரு குடும்பத்தின் விளக்கு அணையும். இதைக் கணக்கிட ஆர்வர்டு செல்ல வேண்டியதில்லை.

இன்னும் உண்டு. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது, நம் மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை கொட்டிற்று. தெருக்கள் ஆறாயின, எந்த வீட்டுக் கூரைமேல் யார் நிற்கிறார் என்பதை அறிய வழியில்லை. அத்தகைய நாளில், நூறு சிறு பொறிகள் பறந்தும் மிதந்தும் தேடினால், பத்து அடித்துச் செல்லப்பட்டாலும் தொண்ணூறு தேடும். திண்டிவனத்து எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம், தன் ஊர்ப்பெயரைத் தாங்கிய டி.எம்.வி. நிலக்கடலை வகைகளை உழவர்க்குத் தந்தது. அந்தக் கடலைக் கொல்லையில் கனத்த டிராக்டர் இறங்கினால் மண் இறுகும். இலேசான சிறு பொறிகள் இறங்கினால் இறுகாது. செருமனியின் ஃபெண்ட் நிறுவனம் 2017-இல் இத்தகைய விதைப்புப் பொறிக் கூட்டத்தை அறிமுகப்படுத்தியது. ஆனால் தோழர்களே, குனிந்து களையெடுக்கும் நம் தாய்மாரின் அன்றாடக் கூலி அப்போது என்னவாகும் என்பதையும் உடன் கேட்க வேண்டும். பொறிக்கூட்டம் பண்ணையாரின் உடைமையா, ஊர்க் கூட்டுறவின் உடைமையா? முதுகு நிமிர்வது நன்று. நிமிர்ந்த முதுகுக்கு அடுத்த வேளைச் சோறு வேண்டும். குழியிலே இறங்கியவர் பொறியை இயக்கும் பயிற்சியும் ஊதியமும் பெறாமல், பழைய பட்டினிக்கு அனுப்பப்படுவாரானால், அது விடுதலையாகாது, வேறோர் ஒதுக்கல்.

அதே பொறிக்கூட்டம் போருக்கும் போகிறது. 2021 சனவரி 15, படைநாளன்று தில்லியில் இந்தியப் படை 75 டிரோன்களைக் கூட்டமாகப் பறக்கவிட்டுக் குறிகளைத் தாக்கும் வகையினைக் காட்டிற்று. வல்லரசுகள் பலவும் இப்பாதையில் விரைகின்றன. தாமே இலக்கைத் தேர்ந்து தாமே கொல்லும் கருவிகளைப் பற்றிக் கவலை தெரிவித்து, 2023 டிசம்பரில் ஐ.நா. பொதுப்பேரவை ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. கவலைக்குக் காரணம் என்ன? ஒரு சிப்பாய் குழந்தையைச் சுட்டால், சுட்டவன் இவன், ஏவியவன் இன்னான் என்று கூண்டில் ஏற்றலாம். தலைவனில்லாத ஆயிரம் பொறிகள் ஓர் ஊரைக் கொளுத்தினால் யாரைக் கூண்டில் ஏற்றுவது? ஒவ்வொரு பொறியும், 'அண்டையில் இருந்தது திரும்பிற்று, நானும் திரும்பினேன்' என்று கூறும், அது பொய்யுமன்று. பொறியின்மேல் பழியில்லை. விதியை எழுதியவன்மேல், பொறியை விலைக்கு வாங்கியவன்மேல், அதை அவிழ்த்துவிட்டவன்மேல் பழி. கூட்டம் பெரிதாக இருக்கிறது என்பதற்காகப் பழி கரைந்துவிடாது.

*

இந்த நீதியைப் பொறியோடு நிறுத்தினால் நாம் பாதி வழியில் நின்றவராவோம். மனிதரைப் பற்றி என்ன சொல்வது?

1995 செப்டம்பர் 21 நினைவிருக்கிறதா? நம் இளைஞர் பலர் அன்று பிறந்திரார்; வீட்டுப் பெரியோரைக் கேட்கட்டும். பிள்ளையார் சிலை பால் குடிக்கிறது என்ற செய்தி, காலையிலே தில்லியில் கிளம்பி, பொழுது சாயுமுன் நாடெங்கும், கடல் கடந்தும் பரவிற்று. எந்த அரசும் ஆணையிடவில்லை. அண்டை வீட்டார் கிண்ணத்தோடு ஓடினார், இவரும் ஓடினார். கரண்டியை விளிம்போடு ஒட்டினால், பரப்பு இழுவிசையால் பால் கல்லின்மேல் மெல்லிய படலமாக வழிந்தோடும் என்பதை அறிவியலார் பாலுக்கு வண்ணம் சேர்த்துக் காட்டினர். பால் சிலையின் வாய்க்குள் போகவில்லை, சாக்கடைக்குப் போயிற்று, பாலில்லாத குழந்தைகள் பார்த்துக்கொண்டிருந்தன. ஓடினோரில் எவரும் கயவர் அல்லர். ஒவ்வொருவரும் ஒரே ஒரு சிறு விதியைக் கைக்கொண்டனர்: அண்டையைப் பார், அதையே செய்.

அதே சிறு விதி, பாலோடு நிற்காமல் குருதிக்கும் போவதுண்டு. 1978 சூலைத் திங்களில், இதே விழுப்புரத்தில், சாதிவெறிக் கலவரத்தில் தாழ்த்தப்பட்ட மக்கள் 12 பேர் கொல்லப்பட்டனர். நாம் நாள்தோறும் இரயிலேறும் ஊர் அது. அதைச் சொல்லும்போது நம் குரல் தாழ்கிறது. வெட்டியவனைச் சட்டம் தேடும். எந்தக் கலவரத்திலும், வாய்க்கு வாய் வதந்தியைக் கடத்தியவனையும், கூட்டத்தோடு நடந்தவனையும், அலறல் கேட்டுக் கதவைச் சாத்திக்கொண்டவனையும் யார் தேடுவது? 'ஊரே போயிற்று, நானும் போனேன்' என்பது மனிதன் சொல்லும் சொல்லா, பொறி சொல்லும் சொல்லா?

சாதிக்கும் இன்று தலைமைச் செயலகம் ஒன்று இல்லை. மனுவே நேரில் வந்து தெருத்தெருவாகத் தண்டோராப் போடுவதில்லை. தேநீர்க் கடையில் இரண்டாவது குவளையை எடுத்து வைப்பவர், வாடகைக்கு வீடு கேட்டு வந்தவனிடம் 'நீங்க எந்த ஊரு, எந்தத் தெரு?' என்று நயமாக வினவுபவர், மகளின் காதலை அறிந்து 'எனக்கு ஒன்றுமில்லை, சொந்தக்காரர் என்ன சொல்வாரோ' என்று தயங்கும் நல்லவர் என எத்தனையோ பேர், தம் கைக்கெட்டும் தொலைவிலே ஒரு சிறு விதியைக் காத்து நிற்கிறார்கள். மண்ணுருண்டைமேல் மண்ணுருண்டை, புற்று வளர்கிறது, உள்ளே நாகம் குடியிருக்கிறது. முதல் உருண்டையை வைத்தவன் செத்து நெடுங்காலமாயிற்று. இன்று வைக்கும் உருண்டை இன்றிருப்பவருடையது.

தலைமையே வேண்டாவோ என்று கேட்பவர்க்கு ஒரு சொல். விழுப்புரம் சந்திப்பில் சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, புதுச்சேரி, காட்பாடி என்று ஐந்து திசைப் பாதைகள் கூடுகின்றன. அங்கே கட்டுப்பாட்டு அறை இல்லாவிட்டால் என்னாகும் என்பதை நாம் அறிவோம். 2024 டிசம்பர் 2 அன்று, விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையிலான பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டியபோது, இரயில்களை நிறுத்தச் சொன்ன ஆணை பல உயிர்களைக் காத்திருக்கும். அதே நாளில், எந்த ஆணைக்கும் காத்திராமல், இடுப்பளவு நீரில் பால் உறைகளையும் குடிநீரையும் தலையிலே சுமந்து சென்ற தெருப்பிள்ளைகளையும் கண்டோம். இரண்டும் வேண்டும். நாம் மறுப்பது பொறுப்பேற்கும் தலைமையை அன்று. கேள்விக்கு அப்பாற்பட்ட தலைமையை மறுக்கிறோம். தலைமைமேல் பாரத்தைப் போட்டுத் தாம் தப்பிக்கும் கோழைத்தனத்தையும் மறுக்கிறோம். மேலே ஒருவன் இருக்கிறான், அவன் பார்த்துக்கொள்வான் என்பதிலே பக்தி மட்டும் இல்லை, வசதியும் இருக்கிறது!

எனவே தோழர்களே, பொறிக்கூட்டம் நமக்கு இரு பாடம் கற்பிக்கிறது. மேலே அமர்ந்து ஆட்டுவிப்பவன் இல்லாமலே, ஒத்த நிலையினர் ஒருவரையொருவர் உணர்ந்து பெரும் பணி முடிக்க இயலும் என்பது முதற்பாடம். அதைக் கண்டு நாம் நிமிர்கிறோம். மேலே ஒருவன் இல்லையென்றால், நடப்பதற்கெல்லாம் ஒவ்வொருவரும் பங்காளி என்பது இரண்டாம் பாடம். அதைக் கண்டு நாம் தலைகுனிந்து எண்ணிப் பார்க்க வேண்டும். முதற்பாடத்தை மட்டும் கற்றுக்கொண்டு, சாமியில்லை என்று மேடையில் முழங்கிவிட்டு, வீட்டுக்கு வந்து மணமகள் தேடும் விளம்பரத்தில் சாதிப் பெயரை எழுதுபவன், பாதிப் பாடம் படித்தவன். பாதிப் பாடம் தேர்வுக்குக் கூட உதவாது என்பதை ஆசிரியராகிய நாம் சொல்கிறோம்!

பொறிக்கும் மனிதனுக்கும் உள்ள வேறுபாடு ஒன்றே ஒன்று. பொறி தனக்கு இடப்பட்ட விதியைக் கேட்காது. 'இது ஏன்? இதனால் யாருக்கு நன்மை? யாருக்குத் தீங்கு?' என்று கேட்க அதற்கு வாயில்லை. நமக்கு உண்டு. கோடிப்பேர் திருந்தும் நாளுக்குக் காத்திருக்க வேண்டியதுமில்லை. கூட்டம் சிறு விதியால் இயங்குவதென்றால், சிறு விதியை மாற்றக் கையெட்டும் தொலைவே போதும்: அந்த இரண்டாவது குவளை, அந்த வாடகை வீடு, அந்த மலக்குழி மூடி, அந்த மணமேடை. அங்கே நம் நண்பனை முன்தள்ளி நாம் பின்னே ஒளிவோமா, அவனுக்கும் பகைக்கும் இடையிலே நாம் போய் நிற்போமா?

அந்த மாணவன் நேற்று மீண்டும் நம்மிடம் வந்தான். "அய்யா, திடலிலே விளையாடிய இரண்டாவது விளையாட்டில் ஒரு சந்தேகம். நான் நண்பனாக எண்ணியவனுக்கு, நான்தான் அவனைக் காக்க நின்றேன் என்பது தெரியவே தெரியாதே!" என்றான்.

"தெரிய வேண்டா, தம்பி" என்றோம். "உனக்கும் குறுக்கே எவனோ ஒருவன் நின்றிருப்பான். அவன் யாரென்று நீயும் அறியமாட்டாய்."

சற்று நேரம் எண்ணினான். பிறகு, தலைவன் யாரென்று கேளாமலே, விளையாடப் போய்விட்டான்.